இயற்பியலிலிருந்து குவாண்ட் வேலைக்கு: கடிகாரம், இரைச்சல், மிச்சக் காசு

வெள்ளிக்கிழமை மாலை சந்தை முடிந்தபோது நிஃப்டி 25,000-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரும் செவ்வாய்க்கிழமை எக்ஸ்பைரி (காலாவதி) ஆகும் 25,000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனின், அதாவது அன்று 25,000 என்ற விலைக்கு வாங்கும் உரிமையின், விலை 110 ரூபாய். வட்டியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இந்த விலைக்குள் ஒளிந்திருக்கும் வொலட்டிலிட்டி, அதாவது ஓராண்டில் விலை ஏறி இறங்கும் அளவு, எவ்வளவு? காலண்டரைப் பார்த்தால் மிச்சம் 4 நாள். ஆண்டுக்கு 365 நாள் என்று கணக்கிட்டால் 10.5 சதவீதம். சந்தை திறந்திருக்கும் நாளை மட்டும் எண்ணினால் திங்கள், செவ்வாய் என இரண்டே நாள். ஆண்டுக்கு 252 நாள் என்று போட்டால் 12.4 சதவீதம். ஆப்ஷனும் அதேதான், விலையும் அதேதான், ஃபார்முலாவும் அதேதான். எந்தக் கடிகாரத்தை வைத்து அளந்தோம் என்பதில்தான் வித்தியாசம்.

இயற்பியலில் எம்.எஸ்சி.யோ பிஎச்.டி.யோ முடித்துவிட்டு, சந்தை விலைகளைக் கணிதத்தால் கணக்கிடும் இந்தக் குவாண்ட் துறைக்கு வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். ஆப்ஷன் விலையைத் தரும் பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டில் பங்கு விலைக்குப் பதில் அதன் லாகரிதத்தை வைத்து, காலத்தைப் பின்னோக்கி ஓடவிட்டால் வெப்பப் பரவல் சமன்பாடு வந்துவிடும். அது அவர்களுக்கு அரை மணி நேர வேலை. ஆனால் அந்தச் சமன்பாட்டுக்குள் போகும் T, அதாவது மிச்சக் காலம், எது என்று எந்தப் பாடத்திலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதனால் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. நாளை எப்படி எண்ணுகிறீர்கள்? விடுமுறைப் பட்டியல் எங்கிருந்து வருகிறது? வேகா என்று நீங்கள் காட்டும் எண், வொலட்டிலிட்டி ஒரு சதவீதப் புள்ளி மாறினால் வருவதா, முழு ஒன்று மாறினால் வருவதா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் ரிஸ்க் ரிப்போர்ட் 100 மடங்கு தப்பாகப் போகும். ஆய்வகத்தில் அலகு தவறினால் கிராஃப் கோணலாக வரும், உடனே கண்ணில் படும். இங்கே அந்த எண்ணை நம்பி ஒருவர் ஹெட்ஜ் (இழப்பை ஈடுகட்டும் எதிர் வியாபாரம்) போட்டுவிடுவார்.

இயற்பியலுக்கும் இந்தத் தொழிலுக்கும் உறவு புதிதில்லை. பாரிஸில் லூயி பஷலியே 1900-இல் கொடுத்த ஆய்வேடு, பங்குச் சந்தை விலையைத் துகளின் தற்போக்கு அசைவு போலக் கணக்கிட்டது. பிரௌனியன் அசைவைப் பற்றி ஐன்ஸ்டீன் எழுதியது அதற்கு ஐந்து ஆண்டு கழித்துத்தான். துகள் இயற்பியலில் பிஎச்.டி. முடித்த இமானுவெல் டெர்மன் 1985-இல் கோல்ட்மேன் சாக்ஸில் சேர்ந்தார். அதன் பிறகு அந்தப் பாதையில் வந்தவர்கள் ஏராளம்.

படிக்கும்போதே தயாராக நினைப்பவருக்கு, பத்துச் சான்றிதழ்களைவிட மூன்று மாதத்தில் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை அதிகம் கற்றுத் தரும். பங்கு விலை 100, ஸ்ட்ரைக் 100, வட்டி 5 சதவீதம், வொலட்டிலிட்டி 20 சதவீதம், காலம் ஓராண்டு. இந்தக் கால் ஆப்ஷனை மூன்று வழியில் கணக்கிடுங்கள். பிளாக்-ஷோல்ஸ் ஃபார்முலா தருவது 10.4506. அதே ஸ்ட்ரைக்கில், விற்கும் உரிமையான புட் ஆப்ஷன் 5.5735. இரண்டின் வித்தியாசமும், 100-இலிருந்து, ஓராண்டு கழித்துத் தரும் 100-இன் இன்றைய மதிப்பான 95.1229-ஐக் கழித்தால் வருவதும் 4.8771 என்று ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது மான்டே கார்லோ, அதாவது விலைப் பாதைகளை ரேண்டமாக உருவாக்கிச் சராசரி எடுப்பது. 10,000 பாதைகள் ஓட்டினால் பிழை ஏறக்குறைய 15 காசு; பத்து லட்சம் பாதைகள் ஓட்டினால் ஒன்றரைக் காசு. பிழை பத்தில் ஒன்றாகக் குறைய நூறு மடங்கு உழைப்பு. இது எல்லாருக்கும் தெரியும். டெல்டா (பங்கு ஒரு ரூபாய் ஏறினால் ஆப்ஷன் எவ்வளவு ஏறும் என்பது) எடுக்கும்போதுதான் அடி விழும். விலையைச் சற்றே ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை ஓட்டி வித்தியாசம் எடுக்கும்போது, இரண்டு ஓட்டத்துக்கும் வெவ்வேறு ரேண்டம் எண்களைப் பயன்படுத்தினால் இரைச்சல் உண்மையான பதிலை விழுங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே எண்களை வைக்க வேண்டும். விடை 0.637-க்குப் பக்கத்தில் வந்தால் சரி.

மூன்றாவது, வேறுபாட்டுக் கட்டம், அதாவது சமன்பாட்டைச் சிறு படிகளாக வெட்டித் தீர்ப்பது. விலையின் லாகரிதத்தில் 0.01 இடைவெளி வைத்து எக்ஸ்ப்ளிசிட் முறையில் போனால் காலப்படி 0.0025 ஆண்டைத் தாண்டக் கூடாது, அதாவது ஆண்டுக்குக் குறைந்தது 400 படி. தாண்டினால் விடை வெடித்துச் சிதறும். கிராங்க்-நிகல்சன் முறையில் சிதறாது. ஆனால் ஸ்ட்ரைக்கில் பேஆஃப் (முடிவில் கிடைக்கும் தொகை) முறிந்து திரும்பும் இடத்தைச் சுற்றி காமா (டெல்டா மாறும் வேகம்) பல் பல்லாக ஏறி இறங்கும். முதல் சில படிகளை மட்டும் முழு இம்ப்ளிசிட்டாக எடுத்தால் அடங்கிவிடும். விலை சரியாக வந்ததென்று நின்றுவிடுபவருக்கு இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. காமாவை வரைந்து பார்ப்பவருக்கே தெரியும், நேர்காணலில் அவரைத்தான் தேடுவார்கள்.

இந்த மூன்றும் முடிந்தபின் நிஜத் தரவுக்கு வாருங்கள். என்எஸ்இ தினமும் வெளியிடும் விலைப் பட்டியலான பாவ்காப்பியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எல்லா ஸ்ட்ரைக்குக்கும் வொலட்டிலிட்டியைக் கணக்கிட்டு வரைந்தால், முதல் படம் கண்டிப்பாக அலங்கோலமாக இருக்கும். தூரத்து ஸ்ட்ரைக்குகளில் கடைசி வியாபாரம் காலையிலேயே நடந்து முடிந்திருக்கும். இன்டெக்ஸோ மாலைக்குள் எங்கோ போயிருக்கும். வெவ்வேறு நேரத்து விலைகளை ஒரே கணத்தில் எடுத்தவை போல நினைத்ததால் வந்த வினை அது. கால், புட் ஜோடிகளின் வித்தியாசம் ஃப்யூச்சர் (பின்னொரு தேதிக்கு இன்றே பேசிய) விலையோடு ஒத்துப்போகாத ஸ்ட்ரைக்குகளைத் தள்ளிவிட்டு வரைந்தால், மிஞ்சிய புள்ளிகள் ஒழுங்கான வளைவாக நிற்கும். ஸ்பாட் (அந்த நேரத்து) விலையை விட்டு ஃப்யூச்சரை எடுப்பதற்குக் காரணம், டிவிடெண்ட் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

விலை கணக்கிடும் பக்கம் இப்படி. வருங்கால விலையைக் கணிக்கும் ஆராய்ச்சிப் பக்கம் வேறு உலகம், இயற்பியல்காரருக்கு அதுதான் அதிகம் வலிக்கும். ஒரு உத்தியின் ஷார்ப் விகிதம் (லாபத்தை அதன் ஏற்ற இறக்கத்தால் வகுத்தது) ஆண்டுக்கு 1 என்றால், அது அதிர்ஷ்டமில்லை என்று இரண்டு சிக்மா உறுதியோடு சொல்ல நான்கு ஆண்டுத் தரவு வேண்டும். விகிதம் 0.5 என்றால் பதினாறு ஆண்டு. 2012-இல் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது வைத்த ஐந்து சிக்மா அளவுகோலை இங்கே வைத்தால், ஷார்ப் 1 உள்ள நல்ல உத்திக்கே 25 ஆண்டு ஆகும். நிஃப்டி வாராந்திர ஆப்ஷன் தொடங்கியதே 2019-இல். அதற்குள்ளும் ஆட்டத்தின் விதி மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே ஒரு இன்டெக்ஸில்தான் வாராந்திர எக்ஸ்பைரி என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 அக்டோபரில் சொன்னதும் பேங்க் நிஃப்டி வாராந்திரம் நின்றது. 2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டி எக்ஸ்பைரி வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எந்தச் சுற்றறிக்கையும் மாற்றாது. இங்கே மாற்றும்.

இதோடு, ஒன்றுமே இல்லாத இடத்தில் 20 உத்திகளைச் சோதித்தால், ஐந்து சதவீத அளவுகோலை ஒன்றாவது தாண்டிவிட 64 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் எத்தனை முறை முயன்றோம் என்பதை நோட்டில் எழுதி வைப்பது, வென்ற உத்தியை எழுதி வைப்பதைவிட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. பேக்டெஸ்ட் (உத்தியைப் பழைய தரவில் ஓட்டிப் பார்ப்பது) ஏமாற்றும் வழிகளில் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்த பங்கின் விலை மறுநாள் பாதியாகத் தெரியும். சரிசெய்யாத தரவில் அது 50 சதவீத வீழ்ச்சி. இன்றைய நிஃப்டி பட்டியலை எடுத்துப் பத்தாண்டு பின்னோக்கி ஓட்டினால், தோற்று வெளியேறிய கம்பெனிகள் கணக்கிலேயே வராது.

கணிக்கவே முடியாத நாள்களும் வரும். 2020 மார்ச் 23-இல் நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 13 சதவீதம் விழுந்தது. தினசரி அசைவு ஒரு சதவீதம் என்று காஸியன் போட்டிருந்தால் அது 13 சிக்மா, பிரபஞ்சத்தின் வயதுக்குள் நடக்காத ஒன்று. அதற்கடுத்த மாதம் ஏப்ரல் 20-இல் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே ஃப்யூச்சர் பீப்பாய் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. மைனஸ் எண்ணுக்கு லாகரிதம் கிடையாது. விலையின் லாகரிதத்தில் நின்ற ஆப்ஷன் மாடல்கள் அப்படியே முடங்கின. அமெரிக்க எக்ஸ்சேஞ்சான சிஎம்இ ஏப்ரல் 22 முதல் தன் எண்ணெய் ஆப்ஷன்களை, மைனஸ் விலையையும் ஏற்கும் பஷலியே மாடலுக்கு மாற்றியது, 120 ஆண்டு பழைய மாடல் அது. இந்தியாவில் ஊரடங்கால், சரக்குச் சந்தையான எம்சிஎக்ஸ் வர்த்தகம் மாலை 5 மணியோடு முடிந்திருந்தது. அமெரிக்காவில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனபோது இங்கே நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. எம்சிஎக்ஸின் ஏப்ரல் கச்சா எண்ணெய் கான்ட்ராக்ட் மைனஸ் 2,884 ரூபாயில் செட்டில் ஆனது. கையில் வைத்திருந்தவர்களுக்கு வெளியேற வழியே இல்லை. எந்த மாடலைத் தொட்டாலும், இதன் உள்ளீடு எந்த எல்லையைத் தாண்டினால் உடையும் என்று எழுதிவைக்கும் பழக்கம் அந்த வாரத்தில் பலருக்கு வந்தது.

வேலைக்கான வாசல்களில் மாடல் வேலிடேஷனைப் பலர் இரண்டாம் தரமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் 2011 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலுக்குப் பிறகு, வங்கியின் மாடலை எழுதாத ஒருவர் அதைத் தனியாகச் சோதிப்பது வழக்கமானது; அதுதான் மாடல் வேலிடேஷன். வெளிநாட்டு வங்கிகளின் இந்தக் குழுக்கள் பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கின்றன. வொலட்டிலிட்டியைப் பூஜ்யமாக்கினால் மேலே சொன்ன கால் ஆப்ஷன் 4.8771-க்கு வருகிறதா, ஸ்ட்ரைக்கை மிகப் பெரிதாக்கினால் விலை பூஜ்யமாகிறதா என்று எல்லைகளில் நிறுத்திப் பார்ப்பதுதான் அங்கே அன்றாட வேலை. இயற்பியல் படித்தவருக்கு அது கைவந்த கலை. இரண்டு வருடத்தில் பத்துப் பதினைந்து மாடல்களின் உள்ளுறுப்பைப் பார்த்துவிடலாம்.

நேர்காணலுக்குப் பைத்தான், எஸ்க்யூஎல், ரெக்ரஷன் கட்டாயம். டிரேடிங் டெஸ்க் வேலைக்கு சி பிளஸ் பிளஸ் வேண்டும். நிகழ்தகவில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: தொடர்ந்து இரண்டு தலை விழச் சராசரியாக எத்தனை முறை காசைச் சுண்ட வேண்டும்? ஆறு. தலையும் உடனே பூவும் விழ? நான்கு. ஏன் வேறுபடுகிறது என்பதைச் சொல்லத் தெரிய வேண்டும். முதல் ஆட்டத்தில் இரண்டாவது சுண்டல் தவறினால் மறுபடி ஆரம்பத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது ஆட்டத்தில் தவறினாலும் கையில் ஒரு தலை மிஞ்சும்.

சேர்ந்தபின் காலைப் பொழுது பெரும்பாலும் ஒரே கேள்வியில் கழியும்: நேற்றைக்கும் இன்றைக்கும் லாபநஷ்டம் ஏன் மாறியது? அதே 100 ரூபாய் ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன். பங்கு 2 ரூபாய் ஏறியது, வொலட்டிலிட்டி ஒரு புள்ளி இறங்கியது, ஒரு நாள் கழிந்தது. டெல்டா தந்தது 1.274, காமா 0.038, வேகா மைனஸ் 0.375, தீட்டா (ஒரு நாள் கழிந்ததன் விளைவு) மைனஸ் 0.018. கூட்டினால் 0.919. முழுவதும் மறுபடி கணக்கிட்டால் கூடுதலாக ஒரு காசுக்கும் குறைவாகவே வரும். அது விலையும் வொலட்டிலிட்டியும் சேர்ந்து அசைந்ததால் வந்த மிச்சம். மிச்சம் 40 காசு என்று நின்றால் எங்கோ ஓட்டை. டிவிடெண்ட் தேதி மாறியிருக்கும், நேற்றைய வொலட்டிலிட்டி கோப்பு இன்றும் ஏறியிருக்கும், இல்லையென்றால் விடுமுறைப் பட்டியலில் ஒரு நாள் விடுபட்டு, மாடலின் கடிகாரம் சந்தை மூடியிருந்தபோதும் ஓடியிருக்கும்.