அம்பாசடர் கார்புரேட்டருக்கு எக்ஸாஸ்ட் சூடு ஏறாமல் தடுத்த கதை: ஹைலம் பேட், அலுமினியத் தடுப்பு

மே மாத வெயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற்றம். முன்னால் பஸ், செகண்ட் கியரிலேயே ஊர்ந்து ஏறி, பர்லியாறில் கால் மணி நேரம் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தால் என் பெட்ரோல் அம்பாசடர் இப்போது உடனே பிடித்துக்கொள்கிறது. முன்பு போல சூடேறிய கார்புரேட்டரில் ஈரத்துணி போட வேண்டாம், ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடிக்க வேண்டாம். பழைய பி-சீரிஸ் இன்ஜின் (அம்பாசடரில் வந்த பிரிட்டிஷ் வடிவமைப்பு) வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதனால் செய்ததை முழுசாக எழுதி வைக்கிறேன்.

இந்த 1489 சிசி இன்ஜினில் இன்டேக்கும் (காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழி) எக்ஸாஸ்டும் (புகை வெளியேறும் வழி) ஹெட்டின் ஒரே பக்கம். கார்புரேட்டருக்குக் கீழேயே வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், அதாவது புகைக் குழாய்த் தொகுதி. குளிர்காலக் காலையில் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகட்டும் என்று இங்கிலாந்துக்காரன் நினைத்த அமைப்பு, கோயம்புத்தூர் வெயிலுக்கு நேர் எதிரி. இதே இன்ஜின் குடும்பத்தை எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் போட்டபோது, கார்புரேட்டருக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவில் பேக்லைட் கட்டையும் தகட்டுத் தடுப்பும் கம்பெனியிலேயே வைத்து அனுப்பினார்கள். நம் வண்டிக்கும் அந்த ஏற்பாட்டைச் செய்வதுதான் திட்டம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டேன். ஓடும்போது வண்டி மூச்சு வாங்கி நிற்பது வேறு, நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாதது வேறு. முன்னதில் பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி, பம்ப் ஆவியைத் தள்ளிக்கொண்டிருக்கும். கார்புரேட்டருக்குச் சொட்டுக்கூட வராது. பின்னதில் கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் (பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணம்) இருக்கும் பெட்ரோல் கொதித்து இன்டேக்குக்குள் வழிந்து இன்ஜின் நனைந்து கிடக்கும். பானெட்டைத் திறந்தாலே பெட்ரோல் வாடை தூக்கும். என் வண்டியில் இருந்தது பெரும்பாலும் இரண்டாவது. பட்டறைகளில் இரண்டுக்கும் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். புதுப் பம்ப் போட்டு இரண்டாவது நோய் தீர்ந்த வண்டியை நான் பார்த்ததே இல்லை.

சூடு உச்சத்துக்குப் போவது இன்ஜினை நிறுத்திய பிறகுதான். ஓடும்வரை ஃபேன் காற்று அடிக்கிறது, புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது, உறிஞ்சும் காற்றும் கார்புரேட்டரைக் குளிர வைக்கிறது. சாவியைத் திருப்பியதும் இந்த மூன்றும் நின்றுவிடும், கீழே இரும்பு மட்டும் கனன்றுகொண்டே இருக்கும். மல்டிமீட்டரின் கே-டைப் தெர்மோகப்பிள் முனையை ஃப்ளோட் சேம்பரின் வெளிச்சுவரில் அழுத்திக் கட்டி அளந்தேன். வேலைக்கு முன்னால், நிறுத்தும் நொடியில் 47 டிகிரி, இருபது நிமிடத்தில் 71. பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரிக்கு முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனாலின் கொதிநிலை 78 டிகிரிதான், ஆனால் பெட்ரோலோடு சேரும்போது இரண்டும் தனித்தனியே கொதிப்பதைவிடக் குறைந்த சூட்டிலேயே சேர்ந்து ஆவியாகின்றன. மலையில் ஏறஏறக் காற்றழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரம். குன்னூர் ஏறத்தாழ 1850 மீட்டர்.

இனி ஹைலம் பேட். இந்த வேலையின் உயிர்நாடி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கார்புரேட்டர் ஃப்ளேஞ்சுக்கும் (மாட்டும் தட்டை விளிம்பு) இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவில் 10 மி.மீ. ஹைலம், அதாவது பேக்லைட் பிசினில் காகிதத்தையோ துணியையோ அடுக்கி அழுத்திய பலகை. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் இது கடத்தும் சூடு முந்நூறில் ஒரு பங்குகூட இருக்காது. காகித அடுக்கு, துணி அடுக்கு என்று இரண்டு வகை கிடைக்கும். துணி அடுக்கையே வாங்குங்கள், காகித வகை ஸ்டட் (கார்புரேட்டரைப் பிடிக்கும் மரைக் கம்பி) ஓட்டை ஓரத்தில் பிளந்துகொள்ளும். ஆன்லைனில் ஒரு கடையில் ஹைலம் என்று போட்டிருந்ததை நம்பி வாங்கியதில் வந்தது வெறும் பழுப்பு பிளாஸ்டிக். காய்ச்சிய ஆணியை ஓரத்தில் வைத்தேன், உருகி ஒட்டிக்கொண்டது. அசல் ஹைலம் உருகாது, கருகும். திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றார்கள். கோவைக்காரர்கள் அலையவே வேண்டாம். மோட்டார் வைண்டிங் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் துண்டாக வெட்டித் தருவார்கள். பம்ப் செட் ஊர் என்பதால் நமக்கு இந்த வசதி.

பழைய கேஸ்கட்டை அச்சாக வைத்துக் கோடு போட்டேன். துளை போடும்போது அடியில் தேக்குக் கட்டை வைத்து கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். சும்மா பிடித்துக்கொண்டு டிரில் விட்டால் பிட் வெளியே வரும் பக்கம் அடுக்கடுக்காகப் பிய்ந்து வரும். புது பிட், மெதுவான வேகம், அரை மி.மீ. இறக்கி வெளியே எடுத்து மறுபடி இறக்க வேண்டும். சூடானால் பினாயில் வாடை அடிக்கும். அந்த வாடை வந்தாலே நிறுத்திவிட வேண்டும். தூசு மூக்குக்குள் போகக் கூடாது, மாஸ்க் கட்டாயம்.

நடுத் துளையை ஹோல் சாவில் கொஞ்சம் சிறிதாகவே எடுத்து, மீதியை அரைவட்ட அரத்தால் ராவி, மேனிஃபோல்டின் வாயோடு விரல் நகத்தை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்தேன். நகம் எங்கும் தட்டக் கூடாது. அங்கே ஒரு படி நின்றால் பெட்ரோல் துளிகள் அதில் தேங்கி ஐடிலிங் ஆடும்.

அடுத்தது மட்டம். பேட் தட்டையாக இருந்தால் மட்டும் போதாது. எத்தனையோ வருடம் முறுக்கி முறுக்கிக் கார்புரேட்டர் ஃப்ளேஞ்சின் இரண்டு காதுகளும் கீழ்நோக்கி வளைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஓரத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் தெரியும். எனக்கு நடுவில் 0.2 மி.மீ. நுழைந்தது. ஃபேஸ் எடுக்கலாம் (பரப்பைச் சீவி மட்டமாக்கலாம்) என்று லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணன் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்குங்க தம்பி இதுக்கு லேத்? சக்குல புடிச்சா காது ஒடிஞ்சிரும். கண்ணாடில உப்புத்தாளப் போட்டு எட்டுப் போட்டுத் தேயுங்க, தானா மட்டத்துக்கு வந்துரும்."

"எவ்வளவு நேரம் ஆகுங்ண்ணா?"

"அவசரப்படாதீங்க. கை கனத்துலயே தேயணும், அமுத்துனா ஓரந்தான் தேயும்."

அவர் சொன்னது அப்படியே உண்மை. தடித்த கண்ணாடி மேல் 220 நம்பர் தண்ணீர் உப்புத்தாள், பிறகு 400. எட்டு வடிவத்தில் ஓட்டி, சில சுற்றுக்கு ஒருமுறை ஃப்ளேஞ்சைத் தொண்ணூறு டிகிரி திருப்பிப் பிடிக்க வேண்டும். மார்க்கிங் புளூவை (மட்டம் பார்க்கும் நீல மை) ஃப்ளேஞ்சில் லேசாகத் தடவிக் கண்ணாடியில் வைத்து எடுத்தால் முதலில் இரண்டு காதிலும் மட்டும் நீலம் போயிருந்தது. தேய்க்கத் தேய்க்க அது உள்நோக்கி நகர்ந்தது, கடைசியாக வாயைச் சுற்றி ஒரு முழு வளையமாகச் சேர்ந்தது. அந்த வளையம் மூடினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். பாதியில் திருப்திப்பட்டு கேஸ்கட் பேஸ்ட் பூசி மாட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமே இல்லை. பெட்ரோல் அந்தப் பேஸ்டை ஊறவைத்து உள்ளே இழுத்துவிடும்.

பேட்டின் இரு பக்கமும் மெல்லிய கேஸ்கட் உண்டு. ஸ்டட் 10 மி.மீ. நீளமாக வேண்டும், இவை இஞ்ச் மரை. கோவையில் மெட்ரிக் ஸ்டட்டையே நீட்டினார்கள், "ஏறிரும்ங்க" என்றார்கள். ஏறும், மேனிஃபோல்டின் மரையைத் தின்றுகொண்டு ஏறும். சென்னை போனபோது புதுப்பேட்டையில் தேடிச் சரியானதை ஸ்டெயின்லெஸ்ஸிலேயே வாங்கினேன். ஸ்டெயின்லெஸ் கடத்தும் சூடு சாதா இரும்பு கடத்துவதில் மூன்றில் ஒரு பங்குதான். ஹைலம் பேட்டைப் போட்டுவிட்டு ஸ்டட் வழியே சூட்டை மேலே அனுப்புவதில் என்ன பிரயோஜனம்? அதே காரணத்துக்காக நட்டுக்கு அடியிலும் ஹைலம் வாஷர் போட்டிருக்கிறேன். இறுக்கம் மிதமாக இருக்கட்டும், வண்டி சூடாகி ஆறிய பிறகு இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள். கார்புரேட்டர் உயர்ந்துவிட்டதால் ஆக்ஸிலரேட்டர் ராடை நீட்டி அட்ஜஸ்ட் செய்ய வேண்டியிருந்தது. அம்பாசடர் பானெட்டுக்குள் உயரத்துக்குப் பஞ்சமில்லை.

காற்று ஒழுகுகிறதா என்று பார்க்கச் சிலர் கார்ப் கிளீனரைச் சுற்றிலும் அடிக்கிறார்கள். அடியில் பழுக்கச் சூடான எக்ஸாஸ்ட் இருக்கும் இடத்தில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். பூச்செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் போதும். ஐடிலிங்கில் விட்டு பேட் விளிம்பில் பூப்போலத் தெளித்தால், ஒழுகல் இருக்கும் இடத்தில் இன்ஜின் சத்தம் மாறும். எனக்கு மாறவில்லை.

இரண்டாவது, தகட்டுத் தடுப்பு. 1.5 மி.மீ. அலுமினியத் தகடு, ஃப்ளோட் சேம்பருக்கும் எக்ஸாஸ்டுக்கும் குறுக்கே, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து 20 மி.மீ. தள்ளி. அந்த இடைவெளியில் காற்று ஓட வேண்டும், பஞ்சு எதையும் அடைக்கக் கூடாது. இங்கே ஒரு கணக்கு. இரும்பு 400 டிகிரியில் கதிரடிக்கிறது, தகடு 120-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் போவதால், 673-க்குப் பதில் 393. கார்புரேட்டர் பார்க்கும் சூடு எட்டில் ஒரு பங்குக்கு இறங்குகிறது. துரு ஏறிய இரும்பைவிடப் பளபளப்பான அலுமினியம் கதிர் விடுவது மிகக் குறைவு என்பதால் நிஜத்தில் அதைவிடவும் நல்ல பலன். பளபளப்பு போய் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் பாதி பலன் போய்விடும், அவ்வப்போது துடைக்க வேண்டும். ஓரங்களை மடித்து, மூலைகளை உருட்டி, போல்ட்டுக்கு அகல வாஷர் போட்டேன். இல்லையென்றால் அதிர்வில் ஓட்டையிலிருந்து விரிசல் விடும்.

தடுப்பின் சூட்டை ஐஆர் துப்பாக்கியால் அளப்பவர்கள் கவனியுங்கள். பளபளத்த தகட்டில் நேராக அடித்தால் 50 டிகிரி என்று காட்டும், ஆசையாகத்தான் இருக்கும். அந்தத் துப்பாக்கி 0.95 எமிசிவிட்டிக்கு (பரப்பு சூட்டைக் கதிராக விடும் திறன்) செட் செய்தது, மின்னும் அலுமினியம் அதற்குக் கண்ணாடி மாதிரி. எதிரில் இருப்பதன் சூட்டைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. ரூபாய் நாணயம் அளவுக்கு சைலன்சர் கருப்பு பெயின்ட் ஒரு பொட்டு வைத்து அதில் அடித்தேன், 118. எக்ஸாஸ்ட் தடுப்பு என்று விளம்பரத்தில் வரும் நம்பர்களைப் பார்க்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கே சூடு தடுக்கும் நாடா சுற்றிவிடலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்கு நான் சுற்ற மாட்டேன். சூடு வெளியேற வழியில்லாமல் இரும்பு இன்னும் சூடாகி வெடிப்பு விடும். மழைக்காலத்தில் ஈரம் உள்ளேயே நின்று அரிக்கும். நம் இன்ஜின்களில் வால்வ் கவரிலிருந்து எண்ணெய் கசிவது சாதாரணம். அந்த எண்ணெயை நாடா குடித்து வைத்தால் தீப்பிடிக்கவும் வழியுண்டு. பட்டறைகளில் இன்னும் பழைய கல்நார்க் கயிறு கிடைக்கிறது, இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அதன் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும்.

பெட்ரோல் குழாய்க்கு, எக்ஸாஸ்ட் பக்கம் வரும் பகுதியில் வெளிப்புறம் அலுமினியம் ஒட்டிய கண்ணாடியிழை உறை மாட்டினேன். ரப்பர் ஹோஸை எத்தனால் தாங்கும் ஜே30 ஆர்9 ரகத்துக்கு மாற்றிவிட்டேன். பழையது வெட்டிப் பார்த்தபோது உட்புறம் ஊதிப்போய் விரல் பட்டாலே கருப்பாக ஒட்டியது. சூடு தடுக்கிறோமோ இல்லையோ, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஹோஸை உடனே பாருங்கள்.

இப்போது அதே இடத்தில் தெர்மோகப்பிள்: நிறுத்தும்போது 44, உச்சம் 55. பேட்டை மட்டும் போட்டபோது உச்சம் 63-ல் நின்றது, மீதியை இறக்கியது தகடு. இரண்டில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் பேட்டை முதலில் செய்யுங்கள்.

ஓடும்போது வரும் மூச்சு வாங்கல் இன்னும் முழுசாகத் தீரவில்லை. உச்சி வெயிலில் சிட்டி டிராஃபிக்கில் எப்போதாவது தலைகாட்டுகிறது. பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோலில் ஒரு பகுதி டேங்குக்கே திரும்பிப் போகும்படி ரிட்டர்ன் லைன் இழுக்கப் போகிறேன். பெட்ரோல் நகர்ந்துகொண்டே இருந்தால் குழாயில் நின்று சூடாக நேரமிருக்காது. மூன்று வாய் உள்ள ஃபில்டர் ஒன்று வாங்கி வைத்தாயிற்று. திரும்பும் வாயில் துளை ஒன்றரை மி.மீ. அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும், பெரிதானால் கார்புரேட்டருக்கு அழுத்தம் குறையும். டேங்கில் அதற்கு நிப்பிள் வைக்க வேண்டும், டேங்கைக் கழற்றிப் பெட்ரோல் ஆவி துளியும் இல்லாமல் சுத்தம் செய்யாமல் அதன் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. வெல்டிங் இல்லாமல் டேங்க் யூனிட் (பெட்ரோல் அளவு காட்டும் கருவி) மூடியிலேயே நிப்பிள் பொருத்தியவர்கள் யாராவது இருந்தால் எந்த இடத்தில் துளை போட்டீர்கள் என்று சொல்லுங்கள். அது தெரிந்ததும் டேங்கை இறக்குகிறேன்.