"ஏன் கத்தேல்லை?" என்று கேட்க வேண்டாம்

மார்ச் 3, 2025, திங்கள்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் வன்முறையைச் சொல்ல வாய் திறந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான்: "ஏன் பிள்ளை கத்தேல்லை?" பேராபத்தில் உடம்பு தானாகவே விறைத்துப்போகும். குரல் எழும்பாது, கை கால் அசையாது. அது சம்மதம் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அவர்களிடம் இந்தக் கேள்வி இன்னும் கொடூரமாக விழுகிறது. அதற்குப் பதில் இப்படிச் சொல்லுங்கள்: "நீ சொல்றதை நம்புறன். பிழை உன்னில இல்லை. இப்ப என்ன வேணும்?" இந்த மூன்றும் போதும். பிறகு பேசாமல் பக்கத்தில் இருங்கள்.

மார்ச் 5, புதன்

நடந்தபோது போட்டிருந்த உடுப்பைக் கழுவ வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் ஷொப்பிங் பையில் போட்டால் கொழும்புப் புழுக்கத்துக்கு உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாள் என்றாலும் வைத்தியசாலைக்குப் போகலாம், காயங்களைப் பார்க்க முடியும். காயங்களையும் தடயங்களையும் வழக்குக்காகப் பதியும் வைத்தியரான சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்க அவளுடைய சம்மதம் வேண்டும். இடையில் "போதும்" என்றும் சொல்லலாம்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். பலர் குமட்டல் தாங்காமல் இடையில் விட்டுவிடுகிறார்கள். மருந்தை நிறுத்தாமல் வைத்தியரிடம் சொன்னால் வாந்திக்கு மருந்து தருவார். லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. அவசரக் கருத்தடை மாத்திரையும் முந்தினால்தான் நன்றாக வேலை செய்யும். விழுங்கி 3 மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்ப எடுக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

பொலிஸில் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கலாம். விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். பிறகு நீதிமன்றத்தில் ஒரு சொல் மாறியதைத்தான் பிடிப்பார்கள். திரைச்சீலையின் நிறம் நினைவிருக்கும், எது முதல் நடந்தது என்பது இருக்காது. அதிர்ச்சியில் நினைவு அப்படித்தான் பதிகிறது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லட்டும். வீட்டார் ஒத்திகை பார்க்க வேண்டாம்.

மார்ச் 13, வியாழன், போயா

பௌர்ணமி விடுமுறை, கிளினிக் பூட்டு. மருந்துக்கான 72 மணித்தியாலம் போயாவுக்காக நிற்காது. நாளைவரை பார்த்திராமல் பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மார்ச் 17, திங்கள்

காலி வீதி பஸ்ஸில் யாரோ பூசிய சென்ட் வாசம். அவ்வளவுதான், நெஞ்சு இடிக்கும், அன்றைய இரவு திரும்ப வந்து நிற்கும். அந்த நேரத்தில் பஸ்ஸின் கம்பியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், அதன் குளிர் கையில் தெரியட்டும். வெளியே தெரிகிற ஐந்து கடைப் பலகைகளை வாய்விட்டு வாசிக்கட்டும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும்.

முதல் சில வாரம் நித்திரைக் குழப்பம், திடுக்கிடல், யாரோடும் ஒட்டாமை வருவது வழமை. ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் உளவளத்துணை தேவை. சாகும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம்: தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எடுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. அரச வைத்தியசாலைகள் பலவற்றில், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் 'நட்பு நிலையம்' இருக்கிறது. வீட்டில் இருக்கிற நித்திரைக் குளிசையை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

முதல் நாள் வைத்தியசாலைக்கு அரைக் குடும்பமே போகும். மூன்றாம் கிழமை கிளினிக்குக்கு அவள் தனியே ஓட்டோவில் போவாள். துணை அன்றைக்குத்தான் வேண்டும். உள்ளே வரவா, வெளி வாங்கிலில் இருக்கவா என்று அவளிடமே கேளுங்கள்.