பதினேழு மரங்களும் இடம் மாறிய இரண்டு பின்னங்களும்

வாகனங்களின் இயக்கத்தை உருவகப்படுத்தும் பழைய ஃபோர்ட்ரான் நிரல் ஒன்றைச் சி பிளஸ் பிளஸ் மொழிக்கு மாற்றி எழுதும் பொறுப்பு, நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் என்னிடம் வந்தது. ஓர் அளவு மாறும் வேகத்தைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடுகளை, நேரத்தைச் சிறு படிகளாகப் பிரித்துத் தீர்க்கும் பகுதிதான் அந்த நிரலின் உயிர்நாடி. அதில் டோர்மண்டும் பிரின்சும் 1980இல் வெளியிட்ட ஐந்தாம் வரிசை ரங்கே–குட்டா முறை பயன்பட்டிருந்தது. ஒவ்வொரு படியிலும் மாறும் வேகத்தைப் பல இடங்களில் கணக்கிட்டு, அவற்றை எடையிட்டுக் கூட்டி அடுத்த விடையைப் பெறுவது இந்த வகை முறை. மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளின் ஓடிஇ45 கட்டளைக்குள் இருப்பதும் இதே முறைதான். ஐந்தாம் வரிசை என்றால், படிநீளத்தைப் பாதியாக்கும்போது மொத்தப் பிழை ஏறத்தாழ 32இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும்.

அந்த முறையின் கெழுக்களை, அதாவது அதில் பெருக்க வேண்டிய நிலையான பின்னங்களை, அதன் அட்டவணையைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் அதற்குரிய நேரப் புள்ளிக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன்; இருந்தது. பிறகு, வலப்பக்கத்தில் நேரம் மட்டுமே வரும் சில சமன்பாடுகளைக் கொடுத்து, காகிதத்தில் தொகையிட்டுப் பெற்ற விடைகளோடு ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தியதால் வேலை முடிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சில வாரங்களில் இரண்டு குறைகள் தெரியவந்தன. புதிய நிரல் பழையதைவிட மிகவும் மெதுவாக ஓடியது. அதோடு, எட்டு இலக்கத் துல்லியம் கேட்ட இடத்தில் ஆறாவது இலக்கத்திலேயே பழைய விடையிலிருந்து விலகியது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியின் தசமக் கணக்கீட்டு அமைப்புகளைச் சந்தேகித்து இரண்டு வாரங்களைச் செலவழித்தேன். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், என் சோதனைப் பட்டியலைப் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தானா படிநீளம் மாத்துறதை நிறுத்திடுங்க. சூரியனைக் கோள் சுத்துற கணக்கை ஒரு முழுச் சுற்று ஓட்டி, படியைப் பாதிபாதியாக் குறைச்சுப் பாருங்க." பார்த்தேன். பிழை ஒவ்வொரு முறையும் 32இல் ஒரு பங்காக அல்ல, நான்கில் ஒரு பங்காகவே குறைந்தது. ஐந்தாம் வரிசை முறை என்று நான் ஒப்படைத்தது, உண்மையில் இரண்டாம் வரிசை முறை.

அன்றுதான் வரிசை நிபந்தனைகளை முதன்முறையாக ஊன்றிப் படித்தேன். உண்மையான விடையைப் படிநீளத்தின் அடுக்குகளாக விரிக்கும் டெய்லர் தொடரையும், முறை தரும் விடையின் டெய்லர் தொடரையும் உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டால், கெழுக்கள் நிறைவுசெய்ய வேண்டிய சமன்பாடுகள் கிடைக்கின்றன. மூன்றாம் வரிசை வரை அவை நான்கு, நான்காம் வரிசைக்கு எட்டு, ஐந்துக்குப் பதினேழு, எட்டுக்கு 200. நியூசிலாந்தைச் சேர்ந்த ஜான் பட்சர் 1963இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நிபந்தனை ஒவ்வொன்றையும் வேருடைய ஒரு மரத்தோடு, அதாவது ஒரு முனையை வேராகக் கொண்டு கோடுகளால் கிளைக்கும் முனைகளின் படத்தோடு, இணைத்துக் காட்டினார். மரத்தை வரைந்துவிட்டால் நிபந்தனையை அதிலிருந்தே படித்து எழுதிவிடலாம். பக்கம் பக்கமாக வகைக்கெழுக்களை விரித்து எழுதுவதில் எளிதில் தவறு நேரும். இந்த முறைகளின் பெயரில் இருக்கும் குட்டாவே 1901இல் தந்த ஐந்தாம் வரிசை முறையில் ஒரு பிழை இருந்தது. அதை 1925இல் நிஸ்ட்ரோம் திருத்தினார். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலைவிட, இந்தக் கணக்கின்மீது மரியாதைதான் மிகுந்தது.

என் சோதனைகள் ஏன் எதையும் காட்டவில்லை என்பதும் அந்த மரங்களிலேயே தெரிந்தது. வலப்பக்கத்தில் நேரம் மட்டும் இருக்கும் சமன்பாடு, வேரிலிருந்து எல்லாக் கிளைகளும் நேராகப் பிரியும் மரங்களை மட்டுமே சோதிக்கிறது. ஐந்தாம் வரிசை வரை அவை ஐந்துதான். அத்தகைய சோதனையில் அட்டவணையின் உட்பகுதிக் கெழுக்கள் விடைக்குள் நுழைவதே இல்லை. மாறிலிக் கெழுவுள்ள நேரியல் சமன்பாடு, ஒரே கோடாக மேலேறும் மரங்களைச் சோதிக்கிறது. இரண்டையும் சேர்த்தாலும் பதினேழில் எட்டு நிபந்தனைகள்தான் வெளிச்சத்துக்கு வரும். மீதி ஒன்பதுக்கு நேரியலல்லாத கணக்கு வேண்டும். அதுவும் ஒற்றைச் சமன்பாடாக இருந்தால் போதாது, ஏனெனில் ஒற்றைச் சமன்பாட்டுக்கு ஐந்தாம் வரிசையில் பதினாறு நிபந்தனைகளே தேவைப்படுகின்றன. பதினேழாவது, சமன்பாட்டுத் தொகுதிகளில் மட்டுமே தலைகாட்டுகிறது.

பதினேழு நிபந்தனைகளையும் பின்னக் கணக்காகவே சரிபார்க்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். மூன்று முனைகள் ஒரே கோட்டில் அமைந்த மரத்துக்கு 1/6 வர வேண்டும். என் அட்டவணை அதைவிட 5/371 குறைவாகத் தந்தது. 371 என்பது 7ஐ 53ஆல் பெருக்கி வருவது. நிரைகள் தரும் மதிப்புகளை இறுதியில் கூட்டப் பயன்படும் எடைகளில், மூன்றாவது பின்னத்தின் கீழெண் 1113. அதில் மட்டும்தான் 7, 53 இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. ஆகவே மூன்றாம் நிரையைப் பார்த்தேன். 3/40, 9/40 என்று இருக்க வேண்டிய இரண்டு பின்னங்கள் இடம் மாறி, 9/40, 3/40 என்று இருந்தன. எப்படி வைத்தாலும் கூட்டுத்தொகை 3/10தான் என்பதால், என் முதல் சரிபார்ப்பு அதைப் பிடிக்கவில்லை.

என்னை மிகவும் கலங்கவைத்தது வேறொன்று. இந்த முறை ஒவ்வொரு படியிலும் ஐந்தாம் வரிசை விடை ஒன்றையும் நான்காம் வரிசை விடை ஒன்றையும் கணக்கிட்டு, அவற்றின் வித்தியாசத்தைப் பிழை என்று எடுத்துக்கொண்டு படிநீளத்தைத் தீர்மானிக்கிறது. மூன்றாம் நிரைக்கு ஐந்தாம் வரிசை தரும் எடை 500/1113. நான்காம் வரிசை தரும் எடை அதிலிருந்து 71/16695 அளவுதான் வேறுபடுகிறது. எனவே, தவறான நிரையால் வந்த பிழை இரண்டு விடைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் புகுந்து, வித்தியாசத்தில் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விட்டது. நிரல் கண்டது உண்மைப் பிழையில் சுமார் 105இல் ஒரு பங்கு மட்டுமே. அந்தச் சிறு பங்கைக் கட்டுக்குள் வைப்பதற்கே அது படிகளைச் சுருக்கிச் சுருக்கி மெதுவாக ஓடியது. இருந்தும் விடையில் இரண்டு இலக்கங்கள் பறிபோயின.

பின்னங்களை மாற்றியதும் கோள் கணக்கில் 32 வந்தது. அன்று முதல் அந்தச் சிறு நிரல், ஒவ்வொரு முறை நிரல்தொகுப்பை உருவாக்கும்போதும் தானாக ஓடுகிறது. சில ஆண்டுகள் கழித்து எட்டாம் வரிசை முறை ஒன்றைச் சேர்த்தபோது, அதன் கெழுக்கள் நீண்ட தசமங்களாக இருந்ததால் பின்னக் கணக்கு உதவவில்லை. 200 மரங்களையும் உருவாக்கி, ஒவ்வொரு நிபந்தனையையும் பதினைந்தாவது தசம இலக்கம் வரை பார்த்து முடித்த பிறகுதான், முதல் வாகனக் கணக்கை அதில் ஓட்டினேன்.