இரண்டு விவரத்துக்கு ஒரு முழுப் பக்கம்

கிளிக்அப் என்பது குழு வேலைகளைத் திட்டமிட்டு நடத்தும் ஒரு இணையச் செயலி. அதில் ஒரு நிறுவனத்தின் வேலை முழுக்க ஒரு வொர்க்ஸ்பேஸுக்குள் இருக்கும். அந்த வொர்க்ஸ்பேஸ் எந்தச் சந்தாத் திட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன ஏபிஐ அழைப்பு, அதாவது ஒரு நிரல் இன்னொன்றிடம் விவரம் கேட்கும் வழி, உண்டு. வொர்க்ஸ்பேஸின் எண்ணைக் கொடுத்தால் திட்டத்தின் எண், திட்டத்தின் பெயர் என இரண்டே விவரம் வரும். எங்கள் குழு அதை வைத்து ஒரு கருவி செய்தது. அதற்கு ஆவணம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் ஹட்டனில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், குழுவில் பெரும்பாலானவர்கள் கொழும்பில்.

நாலு வரி போதும் என்று கொழும்பில் நினைத்தார்கள். அங்கே ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்டுவிடலாம். தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் வீட்டிலிருந்து, போனின் டேட்டாவில், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேலை பார்க்கிற நம் பிள்ளைகளுக்கு அப்படி ஆள் இல்லை. அவர்களுக்கு இருப்பது அந்தப் பக்கம் ஒன்றுதான். அவர்களை நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கிளிக்அப்பின் இரண்டாம் பதிப்பு ஏபிஐயில் 'டீம் ஐடி' என்று கேட்கும் இடத்தில் வொர்க்ஸ்பேஸின் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

அப்புறம், வரும் பதிலை வைத்து எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யக்கூடாது என்பது. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், பேருக்கு நேரே அன்றைய வருகை போட்டிருந்தால் ஆள் வேலைக்கு வந்தது தெரியும். எத்தனை கிலோ பறித்தார் என்று அதை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. திட்டத்தின் பெயரும் அப்படித்தான். சந்தா எப்போது முடிகிறது, இன்னும் எத்தனை பேரைச் சேர்க்கலாம், மாதத்துக்கான அளவில் எவ்வளவு செலவாகிவிட்டது, எதுவும் அதில் இல்லை. கேட்ட நேரத்து நிலை மட்டும்தான். காலையில் வாங்கிய பதிலைச் சேமித்து வைத்து, சாயங்காலம் அதை நம்பி வசதிகளைப் பூட்டுவதும் திறப்பதும் ஆபத்து.

பெயரை ஒப்பிடும் விதத்துக்கு நிறைய இடம் கொடுத்தேன். 'பிசினஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் நிரல் தேடினால் 'பிசினஸ் பிளஸ்' திட்டமும் அதில் அகப்படும். இரண்டும் ஒன்றல்ல. பிசினஸ் வரையுள்ள திட்டங்களில் ஒரு டோக்கனுக்கு (அழைப்பவர் யார் என்று காட்டும் ரகசியச் சாவிக்கு) நிமிடத்துக்கு 100 அழைப்புகள்தான். பிசினஸ் பிளஸில் 1,000, என்டர்பிரைஸில் 10,000. அதனால் பெயரை முழுசாக ஒப்பிடுங்கள், தெரியாத பெயர் வந்தால் குறைந்த வரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள், வரம்பு மீறியதைச் சொல்லும் 429 என்ற பிழை எண் வந்தால் நிறுத்திக் காத்திருங்கள் என்று எழுதினேன்.

இன்னொன்று, பதில் வராத நேரம். டோக்கன் செல்லாவிட்டால் 401 என்ற பிழை எண் வரும். அதை 'இலவசத் திட்டம்' என்று எடுத்துக்கொள்ளும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். காசு கட்டிய வாடிக்கையாளருக்கு வசதிகள் மூடிக்கிடக்கும், ஏன் என்று யாருக்கும் புரியாது. பதில் இல்லை என்றால் திட்டம் தெரியவில்லை என்றுதான் பொருள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தப் பக்கம் முழுவதையும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

இப்போது இதைப் படிப்பவர்கள் மனிதர்கள் மட்டுமல்ல. ஏஐ செயலிகளை வெளிக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் வெளியான எம்சிபி நெறிமுறையின்படி கருவியை இணைத்தால், அதன் விளக்கத்தைப் படித்துத்தான் மொழி மாதிரி, அதாவது அந்தச் செயலிக்குள் இருக்கும் ஏஐ, எப்போது அழைப்பது என்று தீர்மானிக்கும். 'சந்தா விவரம் தரும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பில் தொகை கேட்டாலும் இதையே அழைக்கும். ஆகவே விளக்கத்தில், இது திட்டத்தின் பெயரையும் எண்ணையும் மட்டும் தரும், கட்டணம் பற்றிய கேள்விக்கு அழைக்க வேண்டாம், எதையும் மாற்றாது என்று மூன்றையும் சேர்த்தேன்.

முடித்ததும் பண்டாரவளையில் இருக்கும் புதிய பிள்ளையிடம் கொடுத்து, என்னைக் கேட்காமல் செய்து பார்க்கச் சொன்னேன். ஒரே ஒரு கேள்வியோடு வந்தாள்: "அக்கா, உதாரணத்துல இருக்கிற டோக்கன் மாதிரியே என்னோடதையும் போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல கேக்கலாமா?"

"வேணாம் தங்கச்சி, டோக்கனைப் பாத்தவங்க உன் பேர்ல உள்ள போயிரலாம்" என்றேன். சரி, அவள் கேட்டதால் தெரிந்தது. கேட்காமல் அனுப்புகிறவர்கள் எத்தனை பேரோ. டோக்கனை மறைத்துவிட்டுப் படம் எடுங்கள், தெரியாமல் வெளியே போயிருந்தால் உடனே புதிது எடுத்துப் பழையதைச் செல்லாததாக்குங்கள் என்று ஒரு பத்தி எழுதி, அதைப் பக்கத்தின் அடியில் விடாமல் முதல் உதாரணத்துக்கு மேலேயே வைத்தேன்.