மூணு வாரம் ஓடுச்சே

“என் கோடு தப்புன்னா மூணு வாரம் எப்படிண்ணா ஓடுச்சு?”

பெங்களூரு பீன்யாவில், பேக்கிங் லைனை இயக்கும் பிஎல்சி (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கம்ப்யூட்டர்) இருந்த பேனல் முன்னால் நின்று என் ஜூனியர் கேட்டான். கோடு என்றது அந்த பிஎல்சிக்கு அவன் எழுதிய புரோகிராமை. பதில் சொன்னேன், சரியான பதில்தான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அட்டைப்பெட்டி எண்ணும் எஃப்சியில் (தனக்கென நினைவிடம் இல்லாத புரோகிராம் பிளாக்), சென்சாரின் எட்ஜ் பிட்டை அவன் டெம்ப்பில், அதாவது தற்காலிக மாறியில், வைத்திருந்தான். போன ஸ்கேனில், அதாவது புரோகிராம் போன சுற்று ஓடியபோது, சென்சார் எப்படி இருந்தது என்பதை அந்த பிட் வைத்திருக்க வேண்டும்; அது பூஜ்யமாக இருந்து இப்போது சென்சார் ஒன்றானால்தான் புதுப் பெட்டி. டெம்ப்பை அதற்கு நம்ப முடியாது. அங்கிருந்த சீமென்ஸ் எஸ்7-300 பிஎல்சியில் எஃப்சி ஓடும்வரைதான் எல்-ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகத்தில் டெம்ப்புக்கு இடம். முடிந்ததும் அதே இடம் அடுத்த பிளாக்குக்குப் போய்விடும். நடுவில் யாரும் துடைப்பதில்லை. “உன் பிஜி ரூம் மாதிரிதான். முன்னால இருந்தவன் அலமாரில விட்டுட்டுப் போனது அப்படியே கிடக்கும்” என்றேன். மூன்று வாரமும் அந்த பைட்டை வேறு எந்த பிளாக்கும் தொடவில்லை, அவ்வளவுதான்.

தொட்டது நான். மற்ற பிளாக்குகளை வரிசையாகக் கூப்பிடும் மெயின் பிளாக்கான ஓபி1இல், அவன் எஃப்சிக்கு முன்னால் அலாரத்துக்காக ஒரு எஃப்சி சேர்த்தேன். என் டெம்ப் அதே பைட்டில் விழுந்து, ஸ்கேனுக்கு ஸ்கேன் பூஜ்யம் எழுதியது. பெட்டி சென்சாரைக் கடக்க அரை விநாடி, ஸ்கேன் 10 மில்லி விநாடி. ஒரு பெட்டி 50 ஆனது.

என் பிளாக்கில் பிழை இல்லை. டெம்ப்பில் எழுதிய பிறகுதான் படித்தேன், இதை இன்றும் சொல்வேன். ஆனால் அவன் கோடைப் பார்த்து ஓகே சொன்னவனும் நான்தான். எஃப்சிக்கு ஸ்டாட், அதாவது அடுத்த ஸ்கேனிலும் மதிப்பு தங்கும் மாறி, கிடையாது. அதற்குள் எட்ஜ் பிட்டின் பெயருக்கு முன்னால் ஹாஷ் குறி (பிளாக்கின் உள் மாறி என்பதற்கான அடையாளம்) இருந்தால் கண் அங்கே நின்றிருக்க வேண்டும். ஓடுகிற லைன்தானே என்று தாண்டிவிட்டேன். புதிய எஸ்7-1500இல் ஆப்டிமைஸ்டு வகை பிளாக்காக இருந்திருந்தால் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் டெம்ப் பூஜ்யமாகி, முதல் நாளே மாட்டியிருக்கும். அதனால் நான் பார்க்காமல் விட்டது சரியாகிவிடுமா?

கஸ்டமர் மேனேஜர் யார் எழுதியது என்று கேட்டபோது, “பையன் எழுதினது சார்” என்றேன். பொய் இல்லை. அவன் லேப்டாப்பைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றிருந்தான்.

அப்புறம் அதை எஃப்பியாக்கி (தனக்கென நினைவிடம் உள்ள பிளாக்), பிட்டை ஸ்டாட்டுக்கு மாற்றினோம். இனி அந்த எஃப்பியின் டேட்டா பிளாக்கான இன்ஸ்டன்ஸ் டிபியில் தங்கும். பத்து நிமிஷ வேலை.

இப்போது ஒரு டெம்ப் போட்டாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறான். “எழுதிட்டுத்தான் படிக்கிறேன், பாருங்கண்ணா.” பார்க்கிறேன். அது நான் பார்த்து அனுப்பிய கோடு என்று அந்த மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை.