சனிக்கிழமை சம்பள லிஸ்ட்

திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன் என்றால், பெங்களூரில் உள்ள ஏதோ கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். என் பிழைப்பு வேறு. டவுணில் மளிகை மொத்தக் கடை, வண்ணார்பேட்டையில் ஜவுளிக்கடை, அம்பை ரோட்டில் ரைஸ் மில், அப்புறம் பீடிக் கம்பெனி. இவர்களுக்கெல்லாம் பல வருஷத்துக்கு முன்னால் யாரோ ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். எழுதியவர் இப்போது துபாயில் இருப்பார், அல்லது போனை எடுக்க மாட்டார். அதை ஓட வைத்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

வரும் போன்களில் பாதி ஒரே புகார்தான். "தம்பி, சிஸ்டம் ரொம்ப இழுக்கு." எந்த ஸ்கிரீன் என்று கேட்டால் "எல்லாமேதான்" என்பார்கள். எல்லாமே இழுப்பது ரொம்ப அபூர்வம். அதனால் நான் எந்த ஸ்கிரீன் என்று கேட்பதையே விட்டுவிட்டேன்; எந்த நேரம் என்று கேட்கிறேன். மாதம் 11ஆம் தேதியை ஒட்டி என்றால் ஜிஎஸ்டிக்கு விற்பனைக் கணக்கு காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதியை ஒட்டி என்றால் வரி கட்டும் 3பி படிவம். காலையில் கடை திறந்ததும் முதல் பில் மட்டும் என்றால் பெரும்பாலும் ஆன்டிவைரஸ், இல்லையென்றால் எப்போதோ தூக்கிப் போட்ட ஒரு நெட்வொர்க் பிரிண்டரை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்.

டவுண் மளிகைக் கடை அண்ணாச்சி இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார். "காலையில நல்லாத்தான் ஓடுது. மத்தியானம் மூணு மணிக்கு மேலதாம்லா இழுக்கு. புது சர்வர் வாங்கச் சொல்லி ஒருத்தன் கொட்டேஷன் குடுத்துட்டுப் போயிருக்கான். வாங்கிருவமா?" கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, மூன்று மணிக்குப் பில் போடும் பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பில் அடிக்கிறான், வேகமாகத்தான் அடிக்கிறான். 'சேவ்' கொடுத்ததும் திரை அப்படியே நிற்கிறது. அதே நேரத்தில் உள் அறையில் கணக்குப் பார்க்கும் பெண், மறுநாள் காலை தென்காசி, சங்கரன்கோவில் லைனுக்குப் போகிறவர்கள் வசூலுக்குக் கொண்டுபோக வேண்டிய பாக்கி லிஸ்டை எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த லிஸ்ட் முடிகிற நொடியில் இங்கே பில் சேவ் ஆகிறது.

பில்களையெல்லாம் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில் வழக்கமான அமைப்பு அப்படித்தான். ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் இடத்தில் இன்னொருவர் எழுத முடியாது, காத்திருக்க வேண்டும். பாக்கி லிஸ்டோ தேவையான பில்களை மட்டும் எடுக்க, புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு மாதிரியான இண்டெக்ஸ் இல்லாமல், பழைய பில்கள் அத்தனையையும் மேய்ந்துகொண்டிருந்தது. 2005 பதிப்பிலிருந்தே இதற்கு ஒரு வழி இருக்கிறது, ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட் என்று பெயர். படிப்பவருக்குக் கடைசியாக முடிந்த நிலவரத்தின் நகல் கிடைக்கும், எழுதுபவர் தன் பாட்டுக்கு எழுதலாம். கடை அடைத்தபின் அதைப் போட்டுவிட்டு, பாக்கி லிஸ்டுக்கு ஒரு இண்டெக்ஸும் சேர்த்தேன். சர்வர் செலவு மிச்சம். கொட்டேஷன் கொடுத்தவர் இப்போது என்னைப் பார்த்தால் சிரிப்பதில்லை.

புது மெஷின் எப்போதுமே வீண் என்று சொல்ல வரவில்லை. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதும் நிமிர்ந்த கடைகள் எத்தனையோ. ஆனால் ஒரு இடத்தில் 32 ஜிபி ராம் வாங்கிப் போட்டுவிட்டு, இன்னும் இழுக்கிறதே என்று கூப்பிட்டார்கள். அவர்களிடம் இருந்தது எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. 2016 பதிப்பிலிருந்து பார்த்தாலும் அது டேட்டாவை நினைவகத்தில் வைத்துக்கொள்ள 1,410 எம்பிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. மிச்ச ராம் சும்மாதான் கிடந்தது. விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

பீடிக் கம்பெனி விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை.

இந்தப் பக்கத்து ஊர்களில் பீடிக் கடை என்றால் பீடி விற்கும் கடை இல்லை என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கம்பெனி ஊருக்கு ஊர் வைத்திருக்கும் கிளை அது. பெண்கள் அங்கே இலையும் தூளும் வாங்கிப்போய், வீட்டில் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பாஸ்புக்கில் பதிவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, வாரக் கணக்கு. கழிவு போக, முன்பணம் போக, கையில் எவ்வளவு என்று சனிக்கிழமை லிஸ்ட் வர வேண்டும். லிஸ்ட் வந்தால்தான் வங்கிக்கு ஃபைல் போகும். அது ஒரு சனிக்கிழமை தாமதமானால் அந்த வாரம் எத்தனை வீட்டில் சீட்டுப் பணம் கட்ட முடியாமல் போகும் என்பது, மேலாளரைவிடக் கடைக்காரருக்குத்தான் நன்றாகத் தெரியும். திட்டு வாங்குகிறவர் அவர்தானே.

ப்ரோக்ராம் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. அலுவலகத்திலேயே சர்வர் இருந்தவரை சில நிமிஷங்களில் லிஸ்ட் வந்துகொண்டிருந்தது. ஒரு கோடை மழை மின்னலில் யூபிஎஸ்ஸோடு சர்வரும் போனபிறகு, முதலாளியின் மகன் டேட்டாபேஸை மும்பையில் உள்ள கிளவுடுக்கு மாற்றினார். நல்ல முடிவுதான், பேக்கப் பற்றிய கவலை தீர்ந்தது. ஆனால் லிஸ்ட் அரை மணி நேரம் எடுக்க ஆரம்பித்தது. இன்டர்நெட் வேகத்தை இரண்டு மடங்காக்கினார்கள். அரை மணி நேரம் அரை மணி நேரமாகவே இருந்தது.

ப்ரோக்ராமின் கோடைத் திறந்து பார்த்தால் காரணம் முதல் பக்கத்திலேயே தெரிந்தது. கையில் உள்ள பட்டியலில் ஒரு தொழிலாளி பெயரை எடு, அவருடைய பீடி வரவைக் கேள், இலை கொடுத்ததைக் கேள், கழிவைக் கேள், முன்பணத்தைக் கேள், முடிவை எழுது. பிறகு அடுத்த ஆள். கல்யாணச் சாமான் வாங்கப் பாளையங்கோட்டையிலிருந்து சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி டவுணுக்குப் போய், ஒரு கிலோ சீரகத்தை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, மறுபடியும் மிளகு வாங்கப் பாலம் தாண்டுகிற கதைதான். ஆளுக்கு ஐந்து தடவை, எட்டாயிரம் பேர் என்றால் 40,000 தடவை. போய்வர 30 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டால் 1,200 செகண்ட், அதாவது 20 நிமிஷம் வழியிலேயே போகிறது. லைனை அகலமாக்கினால் இது குறையாது. இங்கிருந்து மும்பை நேர்கோட்டிலேயே 1,200 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். எவ்வளவு பணம் கட்டினாலும் போய்வர 12 மில்லிசெகண்டுக்குக் குறையாது.

மொத்த டேட்டாவையும் ஒரே தடவையில் எடுத்துச் சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னால் தீர்ந்தது. இந்தத் தொழிலில் ஒரு வருஷம் இருந்த யாருக்கும் தோன்றும் விஷயம் இது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்கு முன்னால் இங்கே வந்துபோன யாருக்கும் தோன்றாமலா இருந்திருக்கும்?

கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், நான் போனாலே கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார். "அதெல்லாம் ஒருத்தர் செஞ்சு பாத்தாச்சு தம்பி. சீக்கிரமாத்தான் வந்துச்சு. ஆனா பிஎஃப் லிஸ்டும் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகல. பத்து ரூவா, பன்னண்டு ரூவா இடிக்கி. திங்கக்கிழம பூரா உக்காந்து தேடுனது நாந்தாம். பழையதையே போடுங்கன்னு சொல்லிட்டேன்."

அந்த ஒரு நாள் தேடல்தான் இத்தனை வருஷமும் ப்ரோக்ராமை மெதுவாகவே வைத்திருந்தது. பிஎஃப் பிடித்தம் பொதுவாக 12 சதவீதம், பீடித் தொழிலுக்கு 10. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக ரூபாய்க்கு ரவுண்டு செய்ய வேண்டும்; 50 காசும் அதற்கு மேலும் அடுத்த ரூபாய், அதற்குக் கீழே விட்டுவிடலாம் என்பது விதி. இரண்டே பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மாதக் கூலி 2,345 ரூபாய், இன்னொருவருக்கு 1,765. பிடித்தம் 234.50, 176.50. விதிப்படி 235, 177, ஆக 412. இரண்டு கூலியையும் கூட்டி 4,110க்குப் பத்து சதவீதம் போட்டால் 411. விஷுவல் பேசிக்கிலேயே இருக்கும் ரவுண்டு ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் 410. சரிபாதி வந்தால் அது பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும், அதனால் 234, 176. இரண்டு பேருக்கே மூன்று விடை என்றால் எட்டாயிரம் பேருக்கு என்ன ஆகும்!

பழைய கோடில், 0.5 கூட்டி முழு எண்ணை மட்டும் எடுக்கும் மூன்று வரி ஃபங்ஷன் ஒன்று இருந்தது. விளக்கக் குறிப்பு ஒன்றும் இல்லை. எழுதியவருக்கு இந்த இரட்டைப்படைச் சமாசாரம் தெரிந்திருக்கிறது. ஆளாளாகக் கணக்குப் போட்டதும் தெரிந்தேதான். டேட்டாபேஸ் பக்கத்து அறையில் இருந்தபோது அது எந்த விதத்திலும் மோசமான ப்ரோக்ராம் இல்லை. பழைய கோடைப் பார்த்தவுடன் எழுதினவனைத் திட்டுகிற பழக்கம் நம் ஆட்களிடம் ஜாஸ்தி. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

ஆகவே சேர்த்து எடுப்பது, தனித்தனியாக ரவுண்டு செய்வது என்று இரண்டையும் வைத்துக்கொண்டேன். அந்த வாரத்துப் பீடி வரவு, இலை, கழிவு, முன்பணம் நான்கையும் நான்கே கேள்வியில் ஆள்வாரியாகச் சேர்த்து ஒரு தற்காலிக டேபிளில் வைப்பது. மாதக் கடைசியில் வரும் பிஎஃப் கணக்கையும் சர்வரிலேயே, ஒவ்வொரு வரியிலும் ரவுண்டு செய்துவிட்டுப் பிறகு கூட்டுவது. ஃப்ளோட் என்ற தோராயமான எண் வகையில் கிடந்த தொகைகளைத் துல்லியமான டெசிமலுக்கு மாற்றினேன், இல்லாவிட்டால் பெருக்கிக் கூட்டி 234.50 வர வேண்டிய இடத்தில் 234.4999 என்று வந்து ஒரு ரூபாயை விழுங்கிவிடலாம். 'தேதியின் மாதம் இதுவாக இருந்தால்' என்று தேதி மேல் ஃபங்ஷன் போட்டுக் கேட்டிருந்த இடங்களை 'இந்தத் தேதி முதல் அந்தத் தேதிக்கு முன் வரை' என்று மாற்றினேன். முன்பு கேட்ட விதத்தில் இண்டெக்ஸ் இருந்தும் தேடலுக்கு உதவாது. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக கமிட் செய்ததை, அதாவது எழுதியதை உறுதிசெய்ததை, நிறுத்தி, கடைசியில் ஒரே கமிட்.

லிஸ்ட் ஒரு நிமிஷத்துக்குள் வந்தது. கணக்கப்பிள்ளை நம்பவில்லை. அவர் நம்பாதது நியாயம்தான். சில வாரங்களுக்குப் பழையதும் புதியதும் இரண்டுமே ஓடின. வித்தியாசம் இருந்தால் மட்டும் காட்டும்படி ஒரு சின்ன ப்ரோக்ராமும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தனக்குத் தோன்றிய பத்துப் பெயரைத் துண்டுத் தாளில் எழுதி, கடைகளிலிருந்து பாஸ்புக்கை வரவழைத்து, கையால் கூட்டிப் பார்த்தார். மாதக் கடைசியில் பிஎஃப் கூட்டுத்தொகை ரூபாய் சுத்தமாக ஒத்துப்போன பிறகுதான், "சரி, இனி பழசு வேண்டாம்" என்றார்.

ஆளைக் கேட்டால் வழி கிடைக்கும் என்பதற்கு இன்னொரு இடம் தேடல் பெட்டி. மளிகைக் கடையில் வாடிக்கையாளர் பெயரின் எந்தப் பகுதியை அடித்தாலும் தேடித் தரும் வசதி இருந்தது. எழுத்துக்கு எழுத்து டேபிள் முழுவதையும் மேயும். இசக்கி ஸ்டோர், சுடலை ஸ்டோர், முருகன் ஸ்டோர் என்று தேடினால் இந்த ஜில்லாவில் பக்கம் பக்கமாக வரும். பில் போடும் பையனிடம், வண்டிக்காரர் வந்து எப்படிச் சொல்லுவார் என்று கேட்டேன். "சுரண்டை முருகன்னுதான் சொல்லுவாங்க" என்றான். ஊரை முதலில் கேட்டு, பிறகு அந்த ஊருக்குள் பெயரின் முதல் எழுத்துகளை வைத்துத் தேடும்படி மாற்றினேன். இண்டெக்ஸுக்கும் அது தோதாக அமைந்தது.

தொடாமல் விட்டவையும் உண்டு. ரைஸ் மில்லில் வருஷக் கடைசி சரக்கு மதிப்பீடு ஓட இரண்டு மணி நேரம் ஆகும். மார்ச் 31 ராத்திரி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதைச் சரிசெய்யக் கேட்டபோது வேண்டாம் என்றேன். அதே மில்லில் எடைமேடைச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் எட்டு செகண்ட் எடுத்தது, அறுவடை நாளில் லாரிகள் ரோடு வரை நிற்கும். அதை எடுத்துச் செய்தேன். ஒரு பகுதியை எவ்வளவு வேகமாக்கினாலும் மொத்தத்தில் அந்தப் பகுதிக்கு உள்ள பங்கு அளவுக்குத்தான் லாபம் என்று ஜீன் அம்டால் 1967இலேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னது பல ப்ராசஸர் உள்ள கம்ப்யூட்டரை வைத்து. எடைமேடைக்கும் அது பொருந்துகிறது.

பீடிக் கம்பெனியில் இப்போது வேறு தலைவலி. அரை மணி நேரம் எடுத்த காலத்தில் கணக்கப்பிள்ளை எல்லாத் திருத்தத்தையும் சேர்த்துவைத்து, சனிக்கிழமை ஒரே ஒரு தடவை லிஸ்ட் போடுவார். இப்போது யாராவது ஒரு முன்பணத்தைத் திருத்தினாலும் உடனே ஒரு லிஸ்ட் போட்டுப் பார்க்கிறார், புதன்கிழமையிலிருந்தே. ஒவ்வொரு தடவையும் எட்டாயிரம் வரியை அழித்து எழுதுவதால், அந்த நேரத்தில் பீடிக் கடைகளில் வரவு பதிகிறவர்களுக்குத் திரை நிற்கிறது. கடையம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் நேற்றுக் கூப்பிட்டார். "சிஸ்டம் இழுக்கு சார், எல்லாமேதான்" என்றார். ஒரு ஆளுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு பட்டன் வைத்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கணக்கப்பிள்ளை அதை அமுக்குவாரா என்பதை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.