மெர்லின் சொன்னதும் ஆர்தர் கேளாததும்

மிகுபுனைவுக் கதைகளில் அரியணையின் பக்கத்தில் ஒரு மந்திரவாதி நிற்கக் கண்டால், இவ்வளவு ஆற்றல் கைவரப் பெற்றவர் ஏன் தாமே நாட்டை ஆளாமல் இன்னொருவருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்ற கேள்வி எனக்குள் எழுந்துவிடும். பல நாவல்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அவற்றில் மந்திரவாதி, தோற்கும் தறுவாயில் வெளியே எடுக்கப்படும் ஆயுதமாக மட்டுமே இருக்கிறார். அக்கேள்விக்கு முகம்கொடுத்த கதைகளில் தாமஸ் மாலரி எழுதி, வில்லியம் காக்ஸ்டன் 1485ஆம் ஆண்டில் அச்சிட்ட ஆர்தர் அரசனின் கதைக்குத்தான் நான் முதலிடம் தருவேன்.

அதில் ஆர்தருக்கு ஆலோசகராக வரும் மந்திரவாதி மெர்லின், அதற்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இலக்கியத்துக்குள் வந்துவிட்டவர். மான்மத் ஊரைச் சேர்ந்த ஜெஃப்ரி 1136ஆம் ஆண்டையொட்டி இலத்தீனில் எழுதிய பிரித்தானிய அரசர்களின் வரலாற்றில், வோர்ட்டிகெர்ன் என்னும் மன்னன் எழுப்பும் கோபுரம் மீண்டும் மீண்டும் மண்ணுக்குள் புதைந்துபோகிறது. தந்தையில்லாத சிறுவனின் குருதியைத் தெளித்தால் அடித்தளம் நிற்கும் என்று அவையின் மந்திரவாதிகள் கூற, அதற்காகப் பிடித்துவரப்பட்ட மெர்லின், அடியில் ஒரு குளம் இருப்பதையும் அதற்குள் இரண்டு டிராகன்கள் உறங்குவதையும் சொல்லி, தோண்டிப் பார்க்கச் செய்து, தன் உயிரைக் காத்துக்கொள்கிறான். வியப்பு என்னவென்றால், அந்த நூலில் மெர்லினும் ஆர்தரும் சந்திப்பதே இல்லை. ஆர்தரின் பிறப்புக்கு வழிவகுத்ததோடு அவரது பங்கு முடிந்துவிடுகிறது. அரசனை உருவாக்கும் ஆசானாக அவரை மாற்றியவர்கள் பின்வந்த பிரெஞ்சுக் கவிஞர்களும் கதையாசிரியர்களும்தான்.

மாலரியின் மெர்லின் சொல்வது எதுவும் பொய்ப்பதில்லை. ஆனால் அதைச் சொன்னதால் ஆர்தருக்கு விளையும் நன்மை மிகக் குறைவு. வாள் பிடித்திருக்கிறதா, உறை பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கும்போது இளம் அரசன் வாளையே சொல்கிறான். உறைதான் பத்து வாளுக்குச் சமம், அது உடலில் இருக்கும்வரை எவ்வளவு காயம்பட்டாலும் குருதி சிந்தாது என்று மெர்லின் விளக்குகிறார். உறையைப் பத்திரமாகக் காத்துக்கொள் என்று பிறகு எச்சரிக்கவும் செய்கிறார். அப்படியிருந்தும் ஆர்தர் உறையைத் தன் சகோதரி மோர்கனிடம் காவலுக்குக் கொடுக்கிறான். அது கடைசியில் ஏரியின் அடியில் போய்ச் சேர்கிறது. ஆர்தர் மணக்க விரும்பிய கினிவெரின் திருமணப் பேச்சு இதைவிடவும் என்னைப் பாதிக்கிறது. ஆர்தரின் வீரனாகப்போகும் லான்ஸ்லாட்டுக்கும் அவளுக்கும் இடையே காதல் உண்டாகும் என்று எச்சரித்த பிறகு, அரசனின் மனம் திரும்பாது என்பதை உணர்ந்து, பெண் கேட்கத் தூது போகிறவரும் மெர்லினே. மறுக்கப்பட்ட ஆலோசகர் சினம்கொண்டு விலகாமல், தாம் ஏற்காத முடிவை நிறைவேற்ற நடந்துபோகும் அந்த இடத்தில்தான் அவர் ஏன் அரசரில்லை என்பது எனக்கு விளங்கியது.

ஆனாலும் அவரைக் குற்றமற்றவர் என்று என்னால் சொல்ல முடியாது. மே முதல் நாளில் பிறந்த குழந்தையால் உனக்கு அழிவு என்று அவர் சொன்னதன் விளைவாகவே, அந்நாளில் பிறந்த உயர்குடிக் குழந்தைகளைத் திரட்டி ஆர்தர் கப்பலில் ஏற்றிக் கடலில் விடுகிறான். கப்பல் உடைந்து பெரும்பாலான குழந்தைகள் இறக்க, எவனுக்காக இது நடந்ததோ ஆர்தரின் மகனான அந்த மோர்ட்ரெட் பிழைத்துவிடுகிறான். முன்னறிவை அரசனின் காதில் போடுவதே ஒரு செயல்தான், அதற்குப் பலி உண்டு என்பதை மாலரி மழுப்பாமல் எழுதியிருக்கிறார். தம் முடிவையும் மெர்லின் அறிவார். உயிரோடு மண்ணுக்குள் போவேன் என்கிறார். உன் வித்தையால் அதைத் தடுக்கலாமே என்று ஆர்தர் கேட்டதற்கு, அது ஆகாது என்பதே அவர் பதில். இருபத்தொரு பகுதிகள் கொண்ட நூலின் நான்காம் பகுதியிலேயே, அவர் காதலித்த நிம்யூ அவரைப் பாறைக்கடியில் அடைத்துவிடுகிறாள். எஞ்சிய கதை முழுவதையும் ஆர்தர் தனியாகவே ஆள்கிறான்.

டோல்கின் 1954-55இல் வெளியிட்ட ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் பெருங்கதையில், மந்திரவாதி ஆளாமல் ஆலோசனை மட்டும் சொல்வது விதியாகவே வகுக்கப்பட்டுவிடுகிறது. மந்திரவாதிகள் வலிமையை வலிமையால் எதிர்க்கக் கூடாது, அச்சுறுத்தி ஆளக் கூடாது, அறிவுரை கூறி மனங்களை எழுப்ப வேண்டும் என்பதே அவர்களுக்கு இட்ட பணி. அவர்களில் ஒருவரான சாருமான் அதை மீறி, தன் ஆளான கிரிமாவைத் தியோடன் மன்னனின் செவியருகே அமர்த்துகிறார். இன்னொரு மந்திரவாதியான கேண்டால்ஃப் வந்து கிரிமாவின் சொல்வலையை அறுத்தபின், போருக்குப் போவதா என்ற முடிவைக் கிழவரான அம்மன்னனிடமே விட்டுவிடுகிறார்.

எர்சுலா லெ குவின் இன்னும் ஒருபடி மேலே போனார் என்று நினைக்கிறேன். 1972இல் வந்த அவரது எர்த்ஸீ நாவலில், பல நூற்றாண்டுகளாக வெறுமையாக இருந்த அரியணைக்கு அரென் என்னும் இளைஞனை அழைத்துவரும் பயணத்தில் மந்திரவாதி கெட் தன் மந்திர ஆற்றல் முழுவதையும் செலவழித்துவிடுகிறார். பிறகு மற்ற மந்திரவாதிகள் பார்க்க அவ்விளைஞன் முன் மண்டியிட்டுவிட்டு, டிராகனின் மேலேறிச் சொந்தத் தீவுக்குத் திரும்பிவிடுகிறார். 1990இல் எழுதிய தொடர்ச்சியில், தன் முடிசூட்டுக்கு அவர் வர வேண்டும் என்று அரசன் ஆள் அனுப்புகிறான். ஆற்றல் போனபின்னும் அரசனுக்கு அவர் தேவைப்படுகிறார்; ஆனால் கெட் அந்தத் தூதர்களின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறார்.